தீவுப் பெண்ணுக்கு எப்போது விடுமுறை?

ஆனி மாதம் பிறந்துவிட்டால் குறிகட்டுவான் இறங்குதுறையில் கால் வைக்க இடமிருக்காது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் மகோற்சவத்துக்காக யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு என்று எல்லா இடங்களிலிருந்தும் சனங்கள் வந்து படகுக்குக் காத்து நிற்பார்கள். அது முடிந்த கையோடு வெளிநாட்டுப் பாடசாலைகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கிவிடும். நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவையும் பார்த்து, ஊரிலுள்ள சொந்தங்களையும் பார்த்துப் போகலாம் என்று கனடா, பிரான்ஸ், சுவிஸ், இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து உறவினர் வருவார்கள். அதன் பிறகு தீபாவளி, நத்தார், தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு என்று ஆண்டு முழுவதும் யாராவது ஒருவர் வந்துகொண்டே இருப்பார்.

யாழ்ப்பாணத் தீவகத்தில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களோடு நான் சில ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். மாதக் கூட்டங்களில் கடனைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசுகின்ற சகோதரிகள், இந்த மாதங்களில் பேசுவது வரப்போகும் விருந்தினரைப் பற்றித்தான். அந்தப் பேச்சில் மகிழ்ச்சியும் இருக்கும், பெருமூச்சும் இருக்கும். "அண்ணர் குடும்பம் வருகுது, சந்தோஷம்தான். ஆனால் எப்பிடிச் சமாளிக்கப் போறனோ தெரியேல்லை" என்று ஒரு சகோதரி சொன்னால், சுற்றியிருக்கும் எல்லோரும் தலையசைப்பார்கள்.

இந்த மகிழ்ச்சியையும் இந்தப் பெருமூச்சையும் பற்றிக் கொஞ்சம் சேர்ந்து யோசிப்போம்.

பாதை பூட்டியிருந்த காலம்

தீவகத்துக் குடும்பங்களுக்குப் பிரிந்திருப்பது புதிதல்ல. போருக்கு முன்பே புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆண்கள் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்திருந்தார்கள். கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் அவர்கள் ஊர் வருவார்கள். மற்ற நாட்களில் வீட்டையும் வளவையும் பார்த்தவர்கள் பெண்களே. ஆகவே 'வருகை' என்பது எங்கள் வாழ்க்கையோடு ஒட்டிய விடயம்.

போர் அந்த வருகையையே பறித்துவிட்டது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவுப் பகுதியிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்து வலிகாமத்துக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் இந்தியாவுக்கும் போனார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அவர்களில் பலர் இரண்டாம் முறையும் பெட்டி கட்டினார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, பத்துப் பன்னிரண்டு வருடங்களாகக் காணாத முகங்களைக் கண்டு அழுதவர்கள் எத்தனை பேர்! 2006 ஓகஸ்டில் அந்தப் பாதை மறுபடியும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னர்தான் படிப்படியாகப் போக்குவரத்து வந்தது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது 2014 ஒக்டோபரில்தான்.

கடற்பாதைக்கும் தனியான ஒரு வேதனை உண்டு. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்கள், குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். இன்றும் அந்தப் பயணத்தில் படகில் ஏறும்போது கண்ணை மூடிக் கும்பிடுகின்ற வயதான அம்மாமார் இருக்கிறார்கள்.

இப்படி எத்தனையோ வருடங்கள் தாயின் செத்தவீட்டுக்கும் தங்கையின் கலியாணத்துக்கும் வர முடியாமல் இருந்தவர்கள், இப்போது படகேறி வந்து படலையில் நின்று கூப்பிடும்போது யாரால் மகிழாமல் இருக்க முடியும்? உறவுகள் வரத்தான் வேண்டும். அந்த வருகையின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதையே நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கில் வராத வேலை

ஒரு கூட்டத்தில் சகோதரிகளிடம் ஒரு பெரிய தாளைக் கொடுத்து, 'வீட்டில் எட்டுப்பேர் ஐந்து நாட்கள் வந்து தங்கினால் என்னென்ன வேலை இருக்கும்?' என்று எழுதச் சொன்னேன். சமையல், துவையல் என்று தொடங்கியது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கிணறு இறைத்துத் துப்புரவாக்குதல், மலசலகூடத்தைத் திருத்துதல், அயலில் பாய், தலையணை இரவல் வாங்குதல், மீன்காரருக்கு நண்டும் இறாலும் சொல்லி வைத்தல், ஒடியல் கூழுக்கு ஒடியல் மா இடித்தல், படகு நேரம் பார்த்து அறிவித்தல், வயதான மாமியைக் குளிக்க வார்த்துத் தயாராக வைத்தல், போகும்போது கொடுத்துவிடப் புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் பொதி செய்தல், யாருக்கு யாரோடு கோபம் என்று நினைவில் வைத்துப் பேசுதல். தாளின் மறுபக்கமும் நிரம்பிவிட்டது. "இவ்வளவு வேலையும் நாங்களோ செய்யிறம்!" என்று அவர்களே வியந்தார்கள்.

இதில் தண்ணீர்ப் பிரச்சினை தனியானது. எங்கள் தீவுகளுக்கு மழை தருவது ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைக்காலம். அந்த மழை நீர்தான் கிணறுகளில் நன்னீராகத் தங்குகிறது. ஆடி, ஆவணி வரும்போது பல கிணறுகள் வற்றியும் உவர்ப்பேறியும் போய்விடும். சில தீவுகளில் சுத்திகரித்த குடிநீர் கிடைத்தாலும் குளிக்கவும் துவைக்கவும் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறோம். வெளிநாட்டு உறவினர் அதிகமாக வருவதோ அதே ஆடி, ஆவணியில். சோளகக் காற்று வீசிக் கடல் கொந்தளிப்பதும் அப்போதுதான். தண்ணீர் மிகக் குறைந்த மாதத்தில், கடல் குழம்பிய மாதத்தில், வீட்டில் ஆட்கள் மிகக் கூடுகிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடத்தில் சுமப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

மிக்கேலா டி லியோனார்டோ என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1987இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கலிபோர்னியாவில் வாழும் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களில், பண்டிகை விருந்து வைப்பது, வாழ்த்து அட்டை அனுப்புவது, தொலைபேசியில் நலம் விசாரிப்பது, யார் எப்போது வருவார்கள் என்று ஒழுங்கு செய்வது எல்லாவற்றையும் பெண்களே செய்வதை அவர் கவனித்தார். வீட்டுவேலை, வெளிவேலை ஆகிய இரண்டோடு மூன்றாவதாக இதனை 'உறவுப் பணி' என்று அவர் பெயரிட்டார். குடும்பம் சிதறாமல் இருப்பதே இந்தப் பணியால்தான். அதனை ஒரு வேலை என்று யாரும் எண்ணாதபடியால் அதற்கு ஓய்வும் இல்லை, உதவியும் இல்லை. கலிபோர்னியாவைப் பற்றி எழுதியது எங்கள் நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் அப்படியே பொருந்துகிறது.

சொக்லேட்டும் அடைவுத் துண்டும்

வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. சொக்லேட், சவர்க்காரம், உடுப்புகள், போகும்போது ஓர் என்வலப்பில் காசு. அவர்கள் அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்தவர்களை நன்றாகக் கவனிக்க வேண்டும் என்பதற்காகக் காதுத் தோட்டை அடைவு வைத்தவர்களையும், கடையில் கொப்பிக் கணக்கை நீட்டியவர்களையும், நுண்கடன் எடுத்தவர்களையும் நான் அறிவேன். வடக்கு, கிழக்குப் பெண்களை நுண்கடன் எவ்வளவு வருத்தியது என்பது உங்களுக்குத் தெரியும். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரிசியும் எண்ணெயும் விற்கும் விலையில் எட்டுப்பேருக்கு மூன்று நேரச் சாப்பாடு என்பது சிறிய காரியமல்ல.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1925இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற நூலில், கொடுப்பது, பெறுவது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் உறவைக் கட்டுகின்றன என்று விளக்கினார். திருப்பிக் கொடுக்க முடியாதவர் உள்ளுக்குள் சிறுத்துப் போகிறார். வெளிநாட்டுக் காசைப் பெற்ற பெண், அதைத் திருப்பிக் கொடுக்கும் வழியாகத்தான் நண்டுக் கறியையும் ஒடியல் கூழையும் ஆக்கி வைக்கிறாள். அவளுடைய மானம் அந்தச் சட்டியில் இருக்கிறது. 'ஏன் இவ்வளவு செலவழிக்கிறாய்?' என்று கேட்பவர்கள் இதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால், சகோதரிகளே, கடன்பட்டுத்தான் மானத்தைக் காக்க வேண்டும் என்றில்லை. நீங்கள் வருடம் முழுவதும் தாயைப் பராமரிப்பதும், வளவைப் பார்ப்பதும், கோயிலுக்கு விளக்கேற்றுவதும் ஏற்கனவே கொடுத்துவிட்ட கொடைகளே. அவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருப்பது உங்களால்தான்.

பண்டிகை நாளில் பேசக்கூடாத பேச்சு

இன்னொரு பாரம் உண்டு. அது காசில் அடங்காது.

கணவனை இழந்த பெண்கள் வீட்டு வேலை எல்லாம் செய்தும், நல்ல காரியத்தில் பின்னுக்கு நிற்க வைக்கப்படுகிறார்கள். பொங்கல் பானை வைக்கும்போது, ஆரத்தி எடுக்கும்போது 'நீ கொஞ்சம் தள்ளி நில்' என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாரின் நிலை இன்னும் கொடியது. 'பொட்டு வைக்கலாமோ?', 'திதி கொடுக்கவில்லையோ?', 'இனியும் வருவாரென்று இருக்கிறாயோ?' என்ற கேள்விகள் விருந்துச் சாப்பாட்டின் நடுவே வந்து விழும். கேட்டவர் இரண்டு நாளில் விமானம் ஏறிவிடுவார். கேட்கப்பட்டவள் பல மாதங்கள் அதையே நினைத்துப் படுத்திருப்பாள்.

வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பெண் பொட்டு வைப்பதும் வைக்காததும், திதி கொடுப்பதும் காத்திருப்பதும் அவளுடைய முடிவு. அவர் பெயரைச் சொல்லி அவள் பேசத் தொடங்கினால் காது கொடுத்துக் கேளுங்கள். அவள் பேசாவிட்டால் நீங்களும் கிண்டாதீர்கள். பொங்கல் பானையில் முதல் அரிசி போடும் உரிமையை அவளுக்குக் கொடுங்கள். வீட்டைத் தாங்குகிறவளுக்கு அந்த அரிசியைப் போடும் தகுதி இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு?

நினைவு நாட்களும் குடும்ப நாட்களே. மே மாதம் எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றும் மாதம். ஆடியில் வந்து நண்டு சாப்பிட்டுப் போகும் உறவு, அந்த நாளில் ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்தால் அது பெரிய ஆறுதல்.

அவள் எப்போது படகேறுவாள்?

கூட்டத்தில் நான் கேட்ட இன்னொரு கேள்விக்குப் பதில் வர நேரமெடுத்தது. 'நீங்கள் கடைசியாக எப்போது ஒரு உறவினர் வீட்டில் போய் விருந்தாளியாகத் தங்கினீர்கள்?' என்பதே அந்தக் கேள்வி. ஆசுப்பத்திரிக்குப் போனது, கச்சேரிக்குப் போனது, செத்தவீட்டுக்குப் போனது எல்லாம் சொன்னார்கள். விருந்துக்கு என்று போனவர்கள் மிகச் சிலரே. ஏனென்று கேட்டால் பதில்கள் ஒரே மாதிரி இருந்தன. ஆட்டையும் கோழியையும் யார் பார்ப்பது? வயதான அம்மாவை யாரிடம் விடுவது? தனியாகப் போனால் ஊர் என்ன சொல்லும்? போக வரக் காசுக்கு எங்கே போவது? ஒரு சகோதரி மட்டும் மெல்லிய குரலில், "என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை" என்றார்.

கிளிநொச்சியில் தங்கை இருக்கிறாள். பத்து வருடங்களாக அவள்தான் திருவிழாவுக்கு வருகிறாள். அவளுடைய புதிய வீட்டை அக்கா இன்னும் பார்க்கவில்லை. இப்படி எத்தனை அக்காமார்! நாங்கள் விருந்து வைத்துக்கொண்டே இருக்கும்வரை, எங்களுக்கும் ஒருநாள் யாராவது தேநீர் ஊற்றித் தரவேண்டும் என்பது மற்றவர்களுக்குத் தோன்றாது. நாங்களே சொல்லத்தான் வேண்டும்.

என்ன செய்யலாம்?

எங்கள் குழுக்களில் பேசிப் பேசிக் கண்டவற்றை இங்கே தருகிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, தை மாதத்தில் ஒரு நாட்காட்டியை எடுத்து வைத்துக் குடும்பமாகப் பேசுங்கள். பொங்கல் யார் வீட்டில், தீபாவளி யார் வீட்டில், நத்தார் யார் வீட்டில் என்று பங்கு போடுங்கள். ஒரு பண்டிகை ஒரு வீட்டில் என்று சுற்றி வந்தால் யாருக்கும் பாரமில்லை. நினைவு நாட்களையும் அதே நாட்காட்டியில் குறியுங்கள்.

இரண்டாவது, கடலையும் கிணற்றையும் பற்றி வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தை முதல் பங்குனி வரை மழைத்தண்ணீர் கிணற்றில் இருக்கும், கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பிள்ளைகளின் பாடசாலைத் தவணை காரணமாக ஆடியில்தான் வரமுடியும் என்றால், வருகிறவர்கள் யாழ்ப்பாண நகரில் தங்கிப் பகலில் தீவுக்கு வந்து போகலாம். அது மனவருத்தத்துக்குரிய விடயமல்ல.

மூன்றாவது, செலவை வெளிப்படையாகப் பேசுங்கள். "அண்ணா, நீங்கள் வாறது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். வரும்போது உடுப்பு வேண்டாம். யாழ்ப்பாணத்தில் அரிசியும் சாமானும் வாங்கிக்கொண்டு வாங்கோ, மீனும் கூழும் என்ர பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான உறவினர் உதவத் தயாராகத்தான் இருக்கிறார்கள். என்ன உதவி தேவை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

நான்காவது, வேலையைப் பங்கிடுங்கள். வந்த ஆண்கள் தண்ணீர் அள்ளலாம், தேங்காய் துருவலாம். வந்த பிள்ளைகள் தட்டுக் கழுவலாம். கிணற்றில் அள்ளிக் குளித்ததையும் தேங்காய் துருவியதையும்தான் அந்தப் பிள்ளைகள் பிறகு நினைவு வைத்திருப்பார்கள். ஒருநாள் மதியம் வந்தவர்களே சமைக்கட்டும், நீங்கள் திண்ணையில் இருந்து கதையுங்கள்.

ஐந்தாவது, எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் வீட்டில் யார் எங்கே படுப்பது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். பெண்பிள்ளையோ ஆண்பிள்ளையோ, பிள்ளைகளை உங்கள் அருகிலேயே படுக்க வையுங்கள். குடித்துவிட்டு வீட்டில் சத்தம் போடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இது உங்கள் வீடு.

ஆறாவது, வருடத்தில் ஒரு தடவையாவது நீங்கள் போங்கள். இதற்காகச் சில சகோதரிகள் தமக்குள் ஒரு சிறிய சீட்டுப் பிடிக்கிறார்கள். சீட்டு விழுந்தவர் பயணம் போக, மற்றவர்கள் அவருடைய ஆடு, கோழி, வீடு, வயதானவர் எல்லோரையும் முறைபோட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். தனியே போகத் தயங்குபவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து போகிறார்கள். மன்னாருக்கு, வவுனியாவுக்கு, மட்டக்களப்புக்கு என்று போய் மூன்று நாள் தங்கி வந்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் சொன்னார்: "மூண்டு நாளும் நான் அடுப்படிப் பக்கம் போகேல்லை. மச்சாள் விடேல்லை." அதைச் சொல்லும்போது அவர் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது.

நெடுந்தீவுப் பிரதேசத்தைச் சேர்ந்த கச்சதீவில் மாசி, பங்குனிக் காலத்தில் நடக்கும் புனித அந்தோனியார் திருவிழாவைப் பலர் அறிவீர்கள். இந்தக் கரையிலிருந்தும் இராமேஸ்வரக் கரையிலிருந்தும் யாத்திரிகர்கள் அங்கே கூடுகிறார்கள். நிரந்தரமாக யாரும் குடியிருக்காத சிறு தீவு அது. அதனால் அங்கே விருந்தினரும் இல்லை, வீட்டுக்காரியும் இல்லை. தங்களிடம் உள்ளதைப் பகிர்ந்து, சேர்ந்து செபித்து, மறுநாள் படகேறிப் போகிறார்கள். எங்கள் வீட்டுப் பண்டிகைகளும் கொஞ்சமாவது அந்த மாதிரி அமையலாம்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அடுத்த பண்டிகைக்கு யார் வருவார்கள் என்ற பேச்சு உங்கள் வீட்டில் தொடங்கியிருக்கும். வருகிறவர்களை வாயார வரவேற்போம். வரும் சாமானையும் வேலையையும் பங்குபோடச் சொல்லுவோம். தொலைபேசியை வைப்பதற்கு முன், "அடுத்த முறை நான் உங்களிட்டை வாறன், எப்ப வரட்டும்?" என்று ஒரு கேள்வியையும் கேட்டுவிடுவோம்.